ஓட்டை சார் படகேறிய கதை

அலுவலகத்தில் அவரை ஓட்டை சார் என்றுதான் அழைத்தார்கள். முகத்துக்கு நேராகவே. மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று 'சார்' மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். மக்களிடம் போய்க் கேள்வி கேட்டு, ஒரு செயலி அவர்களுக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படி வேண்டும் என்று எழுதித் தருவது அவர் வேலை. பதினொரு வருடத்தில் நான்கு செயலிகளுக்கு எழுதித் தந்தார். அவர் காட்டிய ஓட்டையைப் பார்த்து நான்கையும் மூடினார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டும் செயலியைப் பற்றி, "செடி வைத்திருப்பவர்கள் மறப்பதில்லை; மறப்பவர்களிடம் செடி இல்லை" என்று ஒரே வரியில் கதையை முடித்தார். நல்ல வரிதான். அதனால் ஆறு பேருக்கு நாற்காலி போயிற்று.

இதைக் கேட்டு அவரைப் பொய்யே அறியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். மனைவி தைக்கும் சட்டையையெல்லாம் பிரமாதம் என்பார். பிடிக்காத விசேஷத்துக்கு முதல் நாளே முதுகுவலி வரவழைத்துக்கொள்வார். பேச்சில் சரளமாக வந்த பொய், எழுத உட்கார்ந்தால் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

அப்படிப்பட்டவரை ஐந்தாவதாகப் படகுச் செயலிக்குப் போட்டார்கள். ஓட்டை என்று பெயர் வைத்த ஆளைப் படகு விஷயத்தில் இறக்குவானேன் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊருக்கு வெளியே பெரிய ஏரி. அதில் பொழுதுபோக்குக்கென்று படகு வைத்திருப்பவர்கள் இருநூறு பேர். ஆளுக்கொரு திசையில் தனியாகப் போகும் அவர்களை நட்பாக்கி, கூட்டமாக உலா விடுவது செயலியின் நோக்கம். முதலாளி அவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இந்தத் தடவையும் ஓட்டை விழுந்துச்சுன்னா, நீங்களும் சேர்ந்துதான் முழுகுவீங்க சார். இப்பவே சொல்லிட்டேன்."

முழுகுவது என்ற சொல்லே அவருக்கு ஆகாது. நீச்சல் தெரியாது. படகில் ஏறியதில்லை. வாளித் தண்ணீரைக்கூட ஓர் அடி தள்ளி நின்றே மொள்வார். வேலை போய்விட்டால், நாற்பத்தேழு வயதில் கேள்வி கேட்பவனை யார் கேட்பார்கள்? வீட்டில் வந்து சொன்னார். மனைவி தையல் மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை.

"ஊர்ல உள்ள ஆப்புக்கெல்லாம் ஆப்பு வச்சீங்க. இப்ப ஒரு ஆப்பு உங்களுக்கே வைக்குது."

அலுவலகத்து டிசைனர் பெண்ணை அழைத்துக்கொண்டு மூன்று வாரம் படகுத்துறையில் கிடந்தார். பன்னிரண்டு படகுக்காரர்களைப் பிடித்து உட்காரவைத்துப் பேசினார். கட்டிப்போட்ட படகுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டாரே தவிர ஏறவில்லை. அவருடைய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: மற்றவர்களோடு சேர்ந்து போவீர்களா? பன்னிரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். "போலாமே, அதுக்கென்ன, பார்த்துக்கலாம்."

டிசைனர் பெண் அலுவலகச் சுவரில் 'ஆம்' என்ற தலைப்பின் கீழ்ப் பன்னிரண்டு பச்சைச் சீட்டுகளை ஒட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, உன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டப்போ, 'வரேன், பார்த்துக்கலாம்'னு சொன்னவங்கள்ல எத்தனை பேர் வந்தாங்க?"

அவள் விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். ஒரு விரலும் மடங்கவில்லை.

"யாரும் வரல சார்."

"அப்ப வரமாட்டேன்னு சொன்னாங்களா?"

"அப்படியும் சொல்லல."

ஆம், இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே 'பார்த்துக்கலாம்' என்று மூன்றாவதாக ஒரு தலைப்பு எழுதி, பன்னிரண்டு சீட்டையும் அங்கே மாற்றினார்கள். மறுநாள் முதலாளி வந்து, தம் கையாலேயே அத்தனையையும் பிய்த்து 'ஆம்' பக்கம் ஒட்டினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விடுப்பு கேட்டாலும் பதவி உயர்வு கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்தப் 'பார்த்துக்கலாம்'தான். அதைச் சம்மதம் என்று மனதார நம்பியவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவரே. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, இனி வெள்ளோட்டம்தான் என்று உத்தரவாயிற்று. கூட இருந்து கவனிக்க ஓட்டை சாரும் ஒரு படகில் போக வேண்டும் என்பதும் உத்தரவு.

பன்னிரண்டு பேரில் ஒருவரான, ஓய்வு பெற்ற பல் டாக்டரின் படகில் ஏற்றினார்கள். ஒரு மிதவைச் சட்டையின் மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தபடி, வாயைப் பிளந்து உட்கார்ந்தார். வாய் திறந்திருந்தும் பதில் சொல்ல முடியாமல் இருக்கும் ஆளைப் பார்த்ததும் டாக்டருக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. மடை திறந்தாற்போல் பேசினார். முப்பது வருடம் தான் பேசத் தான் பேச எதிரில் இருந்தவர்கள் வாயைத் திறந்து கேட்டார்களாம். ஓய்வுக்குப் பின் எல்லாரும் திருப்பிப் பேசுகிறார்களாம். அந்தக் கொடுமை தாங்காமல்தான் படகு வாங்கினாராம்.

திட்டம் இது: பத்து மணிக்குப் பன்னிரண்டு பேரும் செயலியைத் திறப்பார்கள். வரைபடத்தில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளியாகத் தெரிவார்கள். புள்ளியைப் பார்த்து ஒருவரையொருவர் தேடிவந்து, ஏரி நடுவிலுள்ள சிவப்பு மிதவையருகே கூடுவார்கள்.

திறந்தார்கள். பார்த்தார்கள். புள்ளி இல்லாத இடம் எதுவோ அங்கே படகைத் திருப்பினார்கள். அங்கே வேறொரு புள்ளி வந்துவிட்டால் இன்னும் தள்ளிப் போனார்கள். பதினொரு மணிக்குப் பன்னிரண்டு படகும் ஏரியின் ஓரத்தில், கடிகாரத்து எண்களைப் போல, இம்மி பிசகாத இடைவெளியில் நின்றன. நடுவில் யாரும் இல்லை. மிதவைமேல் ஒரு நீர்ப்பறவை மட்டும், அழைப்பை நம்பி வந்த ஒரே விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தது. கரையில் டிசைனர் பெண் அழுதுகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது.

டாக்டர் மட்டும் மனம் குளிர்ந்துபோயிருந்தார்.

"எவன் எப்ப வந்து பேச்சுக் கொடுப்பானோன்னு பயந்துக்கிட்டே இத்தனை நாள் ஓட்டினேன் தம்பி. இன்னைக்குத்தான் நிம்மதி."

பன்னிரண்டு பேரும் செயலிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள்.

அறிக்கை எழுத இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் முழுவதும் பொய் எழுத முயன்றார். 'மக்கள் ஆர்வத்துடன்' என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை. இரண்டாம் நாள் தலைவிதி என்று உள்ளதை எழுதினார். "சேர்ந்து போவீர்களா என்று கேட்டோம். பார்த்துக்கலாம் என்றார்கள். சொன்னபடியே பார்த்துக்கொண்டார்கள், தூரத்திலிருந்து. இது மனிதர்களைச் சேர்க்கும் செயலி அல்ல. ஆனால், இன்னார் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் அவரை நிம்மதியாகத் தவிர்க்க முடியாது. அந்தக் குறையை இது தீர்க்கிறது."

முதலாளி அதை மூன்று நாள் திரும்பத் திரும்பப் படித்தார். நான்காம் நாள் செயலிக்குப் 'பார்த்துக்கலாம்' என்று பெயர் வைத்து வெளியிட்டார். ஒரே மாதத்தில் இருநூறு படகும் அதில் சேர்ந்தன. படகு இல்லாதவர்கள், இது கடைத்தெருவுக்கும் வருமா, சொந்தக்காரர்களுக்கும் வருமா என்று கடிதம் போட்டார்கள். மகிழ்ச்சி தாங்காமல் முதலாளியும் ஒரு படகு வாங்கினார்.

முழுகவில்லை, சரி. கரையேறினோமா? ஓட்டை சார் மாடிப்படியில் முதலாளியை மடக்கி, தம் வேலை என்ன ஆகும் என்று கேட்டார்.

"அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று தோளைத் தட்டிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

வேறு யாராவது என்றால் தெம்போடு வீடு போயிருப்பார்கள். இவரோ அந்தச் சொல்லுக்குத் தனித் தலைப்பே போட்டவர். அன்று முதல் காலையில் அலுவலகக் கதவில் அடையாள அட்டையை நீட்டும்போதெல்லாம் பச்சை விளக்கு எரியுமா, சிவப்பு எரியுமா என்று கண்ணை மூடிக்கொண்டார். பச்சைதான் எரிந்தது. ஆனால் எத்தனை நாளைக்கு? முதலாளியைக் கேட்கலாமென்றால் அவர் இப்போதெல்லாம் ஏரியிலேயே இருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் டாக்டரின் படகில் ஏறினார். வரைபடத்தில் முதலாளியின் புள்ளி வடக்கு மூலையில் இருந்தது. போனார்கள். புள்ளி கிழக்கே நகர்ந்தது. கிழக்கே போனார்கள், அது தெற்கே நழுவியது. ஏரியை மூன்று சுற்று சுற்றியும் முதலாளியின் தொப்பிகூடக் கண்ணில் படவில்லை.

"ஆப் அருமையா வேலை செய்யுது" என்றார் டாக்டர்.

"என் வேலைதான் என்னன்னு தெரியல டாக்டர்."

"தம்பி, உங்கள வேலைய விட்டு அனுப்பணும்னா அவரு உங்க பக்கத்துல வந்து சொல்லணும். வருவாரா?"

ஓட்டை சார் யோசித்தார். அதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. காலையில் பச்சை விளக்கில் உள்ளே போய்க் கையெழுத்திட்டுவிட்டு, நேரே ஏரிக்குப் போய் முதலாளியைத் துரத்துவார். முதலாளியும் தவறாமல் விலகிப்போவார். மிதவைச் சட்டை இப்போது ஒன்றுதான். ஒரு கையால் மட்டும் பலகையைப் பிடிக்கவும் பழகிவிட்டார். மனைவி வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள், பிரமாதம் என்றார்.

மாதாந்திர அறிக்கையை இன்றும் அவர்தான் எழுதுகிறார். அதில் ஒரு வரி மட்டும் மாறுவதில்லை. "இந்தச் செயலியைப் பயன்படுத்தி இன்னொருவரைத் தேடிச் செல்பவர்கள்: ஒருவர்."