இரண்டாவது சரணம் தெரியாதவர்

எங்கள் சித்தியின் வேலை, கேட்பது. எண்ணெய் ஆலையில் தரைக்குள் பதித்த இரும்புத் தொட்டிகளின் வாயருகே, கழுத்தில் விசிலோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே இறங்கிக் கசடு வழிப்பவர் சித்தப்பா. அழுகிய கசட்டைக் கிளறினால் காற்று கெட்டுவிடும். இறங்கியவருக்கே தெரியாமல் மயக்கம் வந்துவிடும். அதனால் உள்ளே இருப்பவரின் வாய் ஓயக் கூடாது. குரல் நின்றால், வெளியே இருப்பவர் இடுப்புக் கயிற்றை வாயருகே இருக்கும் கைராட்டினத்தில் சுற்றி ஆளைத் தூக்கிவிட வேண்டும்.

மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள், அல்லது மேஸ்திரியைத் திட்டுவார்கள். சித்தப்பா பாடுவார். எப்போதும் ஒரே பாட்டு, ஜன்னலோரம் நிற்கும் பெண்ணைப் பார்த்து ஒருவன் உருகும் பழைய சினிமாப் பாட்டு. பல்லவி, முதல் சரணம், திரும்பவும் பல்லவி. இரண்டாவது சரணம் அவருக்குத் தெரியாது.

பேக்கிங் பெண்கள் சித்தியைச் சீண்டுவார்கள்.

"வீட்ல வாயே திறக்கமாட்டாரு. தொட்டில இறங்கினாதான் உன் ஆளுக்குக் காதல் பொங்குது!"

"பொங்கட்டும்க்கா. பொங்குற வரைக்கும் ஆளு இருக்காருல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் காது தொட்டியை விட்டு நகராது. ஊரெல்லாம் அதைக் காதல் பாட்டாகக் கேட்டது. சித்தி அதில் அவருடைய மூச்சைக் கேட்டாள்.

அன்று காலை மீட்டர் வைத்துக் காற்றைச் சரிபார்த்த பிறகுதான் சித்தப்பா இறங்கினார். பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி வந்து பக்கத்தில் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கா அது, பாதாளத்துல கச்சேரி?"

"எங்க வீட்டுக்காரருதான்."

"சுருதி இல்லாம கஷ்டப்படுறாரே மனுஷன். இருங்க, நான் சேர்த்துவிடுறேன்."

அதே பாட்டைத் தேடி லாரியில் போட்டார். உள்ளிருந்து சித்தப்பாவும் உற்சாகமாகக் குரலை உயர்த்தினார். இரண்டு குரல்களும் முட்டி மோதிக்கொண்டு ஓடின. சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிரைவர் எந்த ஷெட்டுக்கு வண்டியை விடுவது என்று கேட்டார். கைநீட்டி வழி சொன்னாள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

இரண்டாவது சரணம் வந்தது.

அந்த இடத்தில் அவர் பல்லவிக்குத் திரும்பியிருக்க வேண்டும். லாரி ஒன்று பாட, தொட்டி வேறொன்று பாடியிருக்க வேண்டும். ஒரே ஒரு குரல்தான் கேட்டது. சுத்தமாக, பிசிறில்லாமல்.

"நிறுத்துப்பா அதை!"

பாட்டு நின்றது. தொட்டிக்குள் சத்தமே இல்லை.

"ஏங்க! ஏங்க!"

தொட்டியின் வாய்க்குள் ஒரு காலை விட்டவள், அப்படியே இழுத்துக்கொண்டாள். காப்பாற்ற இறங்குகிறவரும் திரும்புவதில்லை என்று அவளுக்குத் தெரியும். விசிலை ஊதியபடி ராட்டினத்தின் கைப்பிடியைச் சுற்றினாள். ஒரு சுற்றுக்கு ஒரு சாண்தான் கயிறு ஏறும். டிரைவர் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். முதலில் மஞ்சள் தொப்பி தெரிந்தது. தலை மார்பில் தொங்கியது. உதடு நீலம்.

ஆக்ஸிஜன் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாலையில் கண் திறந்தார்.

எல்லோரும் சித்தியைக் கொண்டாடினார்கள். "உன் காதுதான்மா அவரைக் காப்பாத்திச்சு" என்றார் மேஸ்திரி. அவள் தலை குனிந்துகொண்டாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனி என்னை நம்பி எப்படி இறங்குவார் என்ற ஒரே நினைப்பு. மூன்றாம் நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

"உங்க குரல் நின்னது எனக்குத் தெரியலைங்க. லாரில பாடினதை நீங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. அதை நினைச்சாதான் உயிரே போகுது."

சித்தப்பா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சித்தி அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப சினிமாக்காரன் குரலும் என் குரலும் ஒண்ணா இருக்குன்னு ஒத்துக்கிற?"

"விளையாடாதீங்க. வேற ஆளைத் தொட்டி வாய்கிட்ட உட்கார வைக்கச் சொல்றேன்."

"வேற எவன் வந்தாலும் பாட்டைக் கேட்டுட்டு இருப்பான். எனக்கு இரண்டாவது சரணம் தெரியாதுங்கறது யாருக்குடி தெரியும்?"

சித்தி அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அடித்த கையை அவள் எடுக்கவில்லை.