எதிரணிக்குப் பந்து வீசிய அக்கா

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் எங்களை ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிட்டதும் மற்றவர்கள் குளியலறைக்கு இடம் பிடிக்க ஓடுவார்கள். அக்கா மட்டும் மொட்டை மாடிக்குப் போவார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ரப்பர் பந்து மோதும் சத்தம் கேட்கத் தொடங்கும். ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வந்த முதல் மாலையில், யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மேலே போய்ப் பார்த்தால், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஒரு பெண், சுவரில் சாக்பீஸால் வரைந்த ஸ்டம்புக்கு இடது கையால் சுழல் பந்து வீசிக்கொண்டிருந்தார்.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கல்லூரி நாட்களில் மாவட்ட அணிக்கு ஆடியவர். அப்பா படுத்த படுக்கையானதும் ஆட்டத்தை விட்டுவிட்டு, செல்போன் தயாரிக்கும் எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டார். நான் சேர்ந்தபோது எங்கள் வரிசைக்கு அவர்தான் லைன் லீடர். ஊர் நினைப்பில் அழுகிற பெண்களை அவர் தேற்றிப் பார்த்ததே இல்லை. மாடிக்குக் கூட்டிப்போய்ப் பந்து பொறுக்க விடுவார். “அழுதுகிட்டே பந்தப் பிடிக்க முடியாதுட்டி, ஏதாவது ஒண்ணு பண்ணு” என்பார். நானும் அப்படித்தான் அழுகையை நிறுத்தினேன்.

அந்த வருடம் ஒரு வெளிநாட்டுப் பெண்கள் அணி நம் நாட்டுக்குச் சுற்றுப்பயணம் வந்திருந்தது. முதல் போட்டியில் நம்முடைய இடது கைச் சுழல் வீராங்கனை அவர்களைத் திணறடித்துவிட்டார். அடுத்த போட்டி சென்னையில். அதற்குள் அந்த மாதிரிப் பந்துகளை ஆடிப் பழக அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்காவின் பழைய பயிற்சியாளர் போன் செய்து, வலைப்பயிற்சியில் பந்து வீச வரமுடியுமா என்று கேட்டார்.

மறுநாள் அக்கா சூப்பர்வைசரிடம் போய் நின்றார். அவர் உள்ளூர்க்காரர், கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவர் தலையிலும் ஓர் ஆர்டர் உட்கார்ந்திருந்தது.

“இன்னாமா, சரக்கு அனுப்பற நேரத்துல வந்து லீவு கேட்டுகினு கீற?”

“ரெண்டு நாளுதான் சார். வந்து ஓ.டி. பாத்துத் தாரேன்.”

“போனீன்னா, திரும்பி வரும்போது லைன் லீடர் சீட்டு இருக்கும்னு நெனைக்காத. அவ்ளோதான் சொல்வேன்.”

அறையில் எல்லோரும் போகாதே என்றோம். அந்தப் பதவிக்கு வர அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அக்கா பையில் துணியை எடுத்து வைத்தபடியே சொன்னார்: “இப்ப போகலேன்னா, சாவுத வரைக்கும் சொவத்துக்குத்தான் போட்டுக்கிட்டு இருக்கணும்.”

இரண்டாம் நாள் எனக்கு வார விடுமுறை. அவரோடு சென்னைக்குப் போய் வலைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். தோல் பந்தைத் தொட்டுப் பல வருடமாகியிருந்தது. முந்தின நாள் முழுக்க அடி வாங்கியதாகச் சொன்னார். அன்றும் முதல் பந்துகளை எதிரணித் தலைவி தூக்கித் தூக்கி அடித்தார். அக்கா உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் உயரமாக வீசினார். பந்து தரையில் பட்டுத் திரும்பி, மட்டையை ஏமாற்றிவிட்டு ஸ்டம்பைச் சாய்த்தது. தலைவி பந்து விழுந்த இடத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சிரித்துவிட்டு இன்னொன்று என்று விரல் காட்டினார். அதன்பிறகு வேறு யாரையும் வீச விடவில்லை. முழங்காலிட்டுப் பந்தைப் பெருக்கித் தள்ளுவதுபோல் அடிக்கப் பார்ப்பதும் தவறவிடுவதுமாக இருந்தவர், வெயில் சாய்வதற்குள் அந்த அடியைக் கைவசப்படுத்திவிட்டார். அக்கா ஒரு பந்தைக்கூட ஏனோதானோவென்று வீசவில்லை.

போட்டியன்று ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்து டிவி முன்னால் எல்லோரும் கூடியிருந்தோம். அந்தத் தலைவி, அதே முழங்காலிட்ட அடியால், நம் இடது கைச் சுழலை எல்லைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

“யக்கா, நீ கத்துக்குடுத்துதான் இந்த அடி அடிக்கிறா!” என்று ஒருத்தி கத்தினாள்.

வார்டன் அம்மா சும்மா இருப்பாரா? “நம்மூட்டு சோத்த துன்னுட்டு அவங்களுக்கு வேல பாத்துட்டு வந்துகீது பாரு!”

தலைவி ஐம்பதைத் தொட்டபோது கை தட்டியது அக்கா ஒருவர்தான். கண் கலங்கியிருந்தது. “முந்தாநேத்து இந்தப் பந்துக்குத் தடவிக்கிட்டுக் கெடந்தவ. என்னமா அடிக்கா பாருங்கட்டி” என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், “பந்து போடுத நம்ம பிள்ளைய நெனச்சா மனசு வலிக்கத்தான் செய்யுது. அதுக்காவ நான் போய் மோசமாப் போட முடியுமா?” என்றார். அன்று நாம் தோற்றோம்.

சூப்பர்வைசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றி, பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்ட விட்டார்கள். அவர் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. ஆனால் கம்பெனி விளையாட்டு விழா வந்தபோது, நேரே மேனேஜர் அறைக்குப் போய், பெண்களுக்குக் கோலப்போட்டி மட்டும் ஏன், கிரிக்கெட் வையுங்கள் என்று கேட்டார். வலைப்பயிற்சிச் சங்கதி அதற்குள் கம்பெனி முழுக்கப் பரவியிருந்ததால் அவர்களால் மறுக்க முடியவில்லை. வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு காலி மனையில், சுடிதாரும் ஷூவுமாக நாங்கள் ஆடிய அந்த முதல் ஆட்டத்தில் நான் பிடித்த கேட்சை இன்றும் என் மகளிடம் பீற்றிக்கொள்கிறேன்.

நான் இப்போது ஒரகடத்தில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். இங்கே பெண்களுக்கென்றே கம்பெனிகளுக்கிடையே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கிறது. அக்கா அதே கம்பெனியில், பேக்கிங்கிலிருந்து படிப்படியாக மேலே வந்து, இப்போது ஷிப்ட் இன்சார்ஜ். எந்த நாட்டுப் பெண்கள் அணி சென்னைக்கு வந்தாலும் வலையில் வீச அவரைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் போட்டிகளின் ஸ்கோர்கார்டு எதிலும் அவர் பெயர் வந்ததில்லை. போன மாதம் பார்த்தபோது, நாட்டுக்காக ஒரு மேட்ச்சாவது ஆடவில்லையே என்று வருத்தமில்லையா என்று கேட்டேன்.

“வருத்தம் இல்லாம இருக்குமாட்டி?” என்றவர், உடனே முகம் மலர்ந்து, “அடுத்த வாரம் ஒரு டீம் வருது” என்றார்.

“லீவு குடுத்துட்டாங்களா?”

“கேட்டாத்தான குடுக்கதுக்கு? போறேன்னு சொல்லிட்டேன்.”