இரண்டு என்றால் ஐந்து

சொட்டு மருந்து விட்டபின் ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது என்பது டாக்டர் கோமதியின் கட்டளை. சென்ற வியாழக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவருடைய தென்காசி கண் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் செல்வி தொலைபேசியில் அழைத்தாள்.

"டீச்சர், டாக்டரம்மா காலைல போயிட்டாவ."

ஐந்து நிமிடம் முடியும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

அவரிடம் கண் காட்டி, இன்று இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களுக்கெல்லாம் அவர் டாக்டரம்மா. எனக்கு, கான்வென்டில் இரண்டு வகுப்பு மூத்தவர். என் கணவர் மறைந்தபின் என்னை உரிமையோடு 'ஏட்டி' என்று அழைக்க மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே.

மூன்று ஆண்டுகளுக்கு முன், சாரல் காலத்தில் என் இடது கண் சிவந்தது. சீசன் கூட்டத்தோடு மெட்ராஸ் ஐயும் வருவது எங்கள் குற்றாலத்தில் வழக்கம். யாரும் டாக்டரிடம் போவதில்லை. மருந்துக்கடையில் சொட்டு வாங்கி விட்டுக்கொள்வோம். நானும் அப்படியே செய்தேன். பிறருக்கு ஒட்டிவிடுமே என்று வேலைக்கு வரும் பெண்ணை நிறுத்தினேன். பால் பாக்கெட் கேட்டில் தொங்கியது. பதினெட்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை. கண்ணுக்குள்ளிருந்து தாடைவரை குடைந்த வலியையும் யாரிடமும் சொல்லவில்லை. செய்தித்தாள் எழுத்து மங்கிய அன்றுதான் தென்காசிக்கு ஆட்டோ பிடித்தேன்.

"வலி பத்துக்கு எத்தன?" என்றார் கோமதி.

"இரண்டு."

ஒரு சொட்டு விட்டுச் சற்றுக் காத்திருந்தார். பிறகு கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனார். "இதுக்கு விளக்கு பத்தாது, பகல் வெளிச்சம் வேணும்" என்று இமையைத் தூக்கினார்.

"மேல உள்ள சிவப்பு வெளுத்துட்டு. உள்ள நீலம் பாய்ஞ்ச சிவப்பு அப்படியே நிக்கி. மெட்ராஸ் ஐயாம்லா! ஏட்டி, கண்ணோட வெள்ளச் சுவரே வீங்கிக் கெடக்கு. இது யாருக்கும் ஒட்டாது."

அந்தப் பதினெட்டு நாளும் வீண்.

பிறகு என் கையைப் பார்த்தார். "மோதிரம் எங்க?"

"அவர் போனபின் போடுவதில்லை."

விரல் மூட்டை மெல்ல அழுத்தினார். என்னை அறியாமல் கையை இழுத்துக்கொண்டேன்.

"மோதிரம் ஏறல, அதான கத? மூட்டும் கண்ணும் ஒரே நோய்தான்டி. ஒன் கௌரவத்துக்கு ஒரு கண்ணையே குடுத்திருப்ப."

சீட்டில் 'வலி: 5' என்று எழுதினார். நான் ஆட்சேபித்தேன்.

"நீ ரெண்டுன்னா அஞ்சு. ஹாஸ்டல் மாடிப்படில விழுந்து கை ஒடிஞ்சப்பவும் ஒண்ணுமில்லன்னுதான சொன்ன?"

திருநெல்வேலியில் மூட்டு மருத்துவரிடம் அனுப்பினார். கண் தப்பியது. அதன்பின் ஒவ்வொரு முறையும் நான் இரண்டு என்பேன். அவர் ஐந்து என்று எழுதுவார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

நேற்று கண் மறுபடி சிவந்தது. வேறொரு டாக்டரிடம் போனேன். மரியாதையான இளைஞர். "பத்துக்கு எவ்வளவு வலிக்குது மேடம்?"

"இரண்டு."

அவர் இரண்டு என்றே எழுதினார்.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

"திருத்திக்கொள்ளுங்கள், டாக்டர். ஐந்து" என்றேன். மோதிரம் ஏறாத விரல்களையும் நீட்டிக் காட்டினேன்.

கோமதி எனக்காகச் சேர்த்து எழுதிவந்த மூன்றை இனி நானே சொல்லிக்கொள்ள வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.