நாக்கில் ஒட்டிய பாறை

எண்ணெய்ப் பாறைகளைப் பற்றிய மேற்படிப்பில் சேர்ந்தவளுக்கு இரண்டு மாமியார்கள் மாதிரி இரண்டு வழிகாட்டிகள் வாய்த்தார்கள்: ஒருவர் பொறியியல் பேராசிரியர், இன்னொருவர் நிலவியல் பேராசிரியர். பட்டம் வாங்க இருவர் கையெழுத்தும் வேண்டும்.

பொறியியல்காரர் பாறைத்துண்டை ஒரு பொட்டு ஈரமில்லாமல் உலர்த்தி, எடை போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவார். அந்த நேரம் பார்த்து நிலவியல்காரர் எட்டிப் பார்ப்பார். கல்லைக் கண்டால் நக்கிப் பார்ப்பது அவர் தொழில் வழக்கம்.

"நாக்குல ஒட்டுதும்மா. களிமண் இருக்கு!" என்று அவளிடம் சொல்லி, கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

காபி குடித்துத் திரும்பிய பொறியியல்காரர் எடை போட்டால் கூடியிருக்கும். மறுபடி உலர்த்தினார். மறுபடி காபி. மறுபடி கூடியது.

"எங்கேருந்துதான்மா இந்தத் தண்ணி வருது?" என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்.

அவள் பச்சைப்பிள்ளை முகத்தோடு சொன்னாள்: "ரெண்டு டிபார்ட்மெண்ட் சேர்ந்து செய்ற ஆராய்ச்சி இல்லையா சார்? அவங்க பங்கும் கொஞ்சம் இருக்கும்."