வந்த பிறகு சொன்னால் போதும்

பர்மிங்ஹாமில் பஸ் பிடிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. எங்கள் ஊர் குன்னத்துகாலில் நின்ற இடத்திலிருந்து கையைக் காட்டினால் பஸ் நிற்கும். பின்னால் ஓடினால் கண்டக்டர் மணியடித்து நிறுத்தி, திட்டிக்கொண்டே ஏற்றிக்கொள்வார். இங்கே நிறுத்தத்தை விட்டுப் பத்தடி தள்ளிக் கதவைத் தட்டினாலும் டிரைவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் அவர்களைத் தமிழிலும் மலையாளத்திலுமாகத் திட்டித் தீர்த்தேன். பிறகு போனில் ஒரு செயலியை இறக்கி, அதில் ஊர்ந்து வரும் குட்டி பஸ்ஸைப் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்பப் பழகினேன். என் மனைவிக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். பஸ் விஷயத்தில் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அவள் நகரத்தின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறாள். காலை எட்டு மணிக்கு ஒரு பஸ், நடுநகரத்தில் இறங்கி இன்னொரு பஸ், ஒன்பது மணிக்கு வீடு.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்கு மச்சினன் ஊரிலிருந்து கூப்பிட்டான். மாமியார் இறந்துவிட்டார். எங்கள் பாஸ்போர்ட்டுகள் விசா புதுப்பிக்கப் போயிருந்ததால் நாங்கள் ஊருக்குக் கிளம்ப வழியில்லை என்பது அவனுக்கும் தெரியும். அன்றைக்கே அடக்கம் என்றான். ஊர் நேரம் மூன்று மணிக்குப் பெட்டி மூடுவார்கள். எங்களுக்கு அப்போது காலை ஒன்பதரை.

"அக்காட்ட இப்பம் சொல்லண்டாம் அத்தான். வீட்டுல வந்த பெறவு சொன்னா போரும்."

அவன் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். எங்கள் பக்கத்தில் வழியில் இருக்கிறவரிடம் சாவைச் சொல்ல மாட்டோம். "சுகமில்ல, வேகம் வா" என்போம், அவ்வளவுதான். என் அப்பா இறந்த அன்று எனக்கும் அப்படித்தான் போன் வந்தது. நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் அவருக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கள் சந்து திரும்பியதும் தார்ப்பாயும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தெரிந்தன. அந்த ஒரு மணி நேரம் அப்பா எனக்கு உயிரோடு இருந்தாரே என்று பிற்பாடு நான் ஆறுதல்பட்டதும் உண்டு. இங்கே பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவள் வாய்விட்டு அழுதால் தாங்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? ஒன்பது மணிக்கு வந்துவிடுவாள், உட்காரவைத்துச் சொல்லி, வீடியோவில் அம்மாவின் முகத்தைக் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஏழு மணிக்கு மச்சினன் லைவ் லிங்கை அனுப்பினான். ஊரில் ஒரு ஸ்டுடியோக்காரர் வந்து கேமரா வைத்திருந்தார். லிங்க் என் போனிலேயே கிடந்தது.

எட்டே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள். "நான் டவுண்ல எறங்கிட்டேன். கடையில நல்ல சாளை மீன் வந்துருக்கு. மரச்சீனிக் கெழங்கும் வாங்கிட்டு வாறேன்."

"அதொண்ணும் வேண்டாம். நீ வேகம் வா."

"என்ன, அவ்வளவு பசியா?" என்று சிரித்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

அவள் ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினாள். பாதி வழியில் குழாய் வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டு, பஸ்ஸைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டிருந்தார்கள். என் போனில் குட்டி பஸ் ஒரு முக்கில் போய் நின்றது. மேஜையில் கம்ப்யூட்டர் திரையில் மாமியார் கிடந்தார். போன வருடம் இவள் பாலராமபுரத்தில் வாங்கிக் கொடுத்த வெள்ளைப் புடவையை உடுத்திவிட்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி இல்லாத அந்த முகம் எனக்கே புதிதாக இருந்தது. ஒன்பது இருபதுக்கு லிங்கை அனுப்பிவிடலாமா என்று போனை எடுத்தேன். ஐந்து மணியிலிருந்து தெரிந்தும் மறைத்ததை இப்போது எந்த வாயால் சொல்வது என்று கீழே வைத்துவிட்டேன். அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பாதிரியார் ஜெபம் முடித்தார். பெட்டியை மூடினார்கள். குட்டி பஸ் அந்த முக்கை விட்டு அசையவில்லை.

பத்து மணிக்கு அவள் கதவைத் திறந்து வந்தாள். பையில் சாளையில் ஒட்டியிருந்த ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சொன்னேன். அவள் அழவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதில் கல்லறைத் தோட்டத்தில் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள்.

"லிங்கு எப்பம் வந்துது?"

"ஏழு மணிக்கு."

"மேல்மாடில முன் சீட்டுல தனியா இருந்தேன். போன்ல சார்ஜும் உண்டு." மீன் பையைத் தரையில் வைத்தாள். "நான் பாட்டு கேட்டுட்டாக்கும் வந்தேன். எங்க அம்மைக்க மொகத்த நீங்க பாத்தியளா?"

"பார்த்தேன்."

"நான் பாக்கல்ல."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். ஊரில் உடலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், அதனால் மறைக்கலாம். இங்கே காத்திருக்க எதுவும் இல்லை. அந்தப் போன்தான் அவளுக்குத் தாய்வீட்டு வாசல், அதை மூடி வைத்தவன் நான்.

பதிவு இன்னும் இருக்கிறது. பார்க்கிறாயா என்று ஒருமுறை கேட்டேன். "மண்ணு போட்ட பெறவு எனக்கெதுக்கு?" என்றாள்.

போன வாரம் நல்ல மழை. அவள் குடை எடுத்துப்போகவில்லை. போனில் கூப்பிட்டு, "எங்கேயும் நிக்காத, வேகம் வா" என்றேன். மறுமுனையில் பஸ் மணியடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, ஆள் நிறைந்த பஸ்ஸுக்குள்ளிருந்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஆரு செத்தா? இப்பமே சொல்லுங்க."