கூடப்பிறந்த எலிகள்

ஏஞ்சலக்காவுக்கு நாற்பத்தாறு வயது. தினமும் மீஞ்சூரில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவார். பதினோரு வருடமாக எலி அறை அவர் பொறுப்பு. நான் நர்மதா, அங்கே விஞ்ஞானி. பாதி நாள் அவரிடம் சிடுசிடுப்பேன். அவர் லீவு போட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

ஒரு குறிப்பிட்ட ஜீனை நீக்கிவிட்டால், கொழுப்புத் தீனி தின்றாலும் எலி குண்டாகாது. இது என் கண்டுபிடிப்பு, இரண்டு வருட உழைப்பு. அறிக்கை வெள்ளிக்கிழமை போக வேண்டும். மருந்துத் திட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளில் சிலவற்றுக்குத்தான் அந்த ஜீன் இருக்காது. காதுத் துணுக்கைச் சோதித்துப் பிரிப்போம். ஜீன் உள்ளவை கூண்டில் இடத்தை அடைக்கும், வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பேன். அக்கா அவற்றை வாயுப் பெட்டியில் வைத்துக் கொல்வார். ஒப்பிட்டுப் பார்க்க வெளியிலிருந்து சாதாரண எலிகளை வாங்கிக்கொள்வோம்; அதே தீனியில் அவை குண்டாகிவிடும். எங்கள் கூடத்தில் எப்போதும் அப்படித்தான்.

திங்கட்கிழமை, தீனி போட்டு முடித்த அக்கா மெதுவாகக் கேட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. வாங்கினு வர்ற எலி சாதுவா குந்திக்கினு கீது. இங்க பொறந்தது எல்லாமே துறுதுறுன்னு ஓடுது, ஜீன் இருக்கிறதும் சரி, இல்லாததும் சரி. கூடப் பொறந்தத வுட்டுட்டு, எங்கியோ பொறந்ததோட இன்னாத்துக்கு எட போட்டுப் பாக்குறீங்க?"

"உங்க வேலையப் பாருங்கக்கா!" என்று கத்திவிட்டேன். கத்தி முடிப்பதற்குள் அவர் கேட்டது உறைத்தது. இவ்வளவு படித்த எனக்கு இது தெரியாதா? வாங்கிய எலி வேறு வம்சம். இரண்டுக்கும் நடுவே எத்தனையோ ஜீன்கள் மாறியிருக்கலாம். கூடப்பிறந்ததோடு வைத்துப் பார்த்தால்தான் அந்த ஒற்றை ஜீன் என்ன செய்கிறது என்று தெரியும். சோம்பேறித்தனம், வேறென்ன!

அறிக்கையை நிறுத்தினேன். மேலாளர் அன்புராஜ் என்னைக் காய்ச்சி எடுத்தார். அடுத்த ஈற்றுகளில் ஒரு குட்டியையும் கொல்லாமல் வளர்த்து, பன்னிரண்டு வாரம் அதே தீனி கொடுத்தோம். எந்தக் கூண்டு எது என்று சொல்லாமல், அக்காவையே எடை போடச் சொன்னேன்.

ஜீன் இல்லாததும் குண்டாகவில்லை, இருந்ததும் குண்டாகவில்லை. அப்படியானால் குண்டாகாததற்கு அந்த ஜீன் காரணமே இல்லை. இரண்டு வருடம் புஸ்ஸென்று போயிற்று. வெட்கத்தை விட்டு அக்கா முன்னாலேயே அழுதேன்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"அப்போ, இத்தன நாளா நான் கொன்னேனே, அதுங்கதான் ஒங்களுக்கு வேண்டியிருந்துச்சா மேடம்?"

"ஆமாக்கா" என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.