சுடலை மடத்துப் புகை

என் கணவரின் வலப்பக்க நுரையீரலில் சண்டைக் காலத்தில் பாய்ந்த ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. எடுக்கப் போனால் ஆளே போய்விடுவார் என்று டாக்குத்தர் சொன்னதால் அது அங்கேயே கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் இது பெரிய கதை இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே உடம்புக்குள் இரும்போடு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குத் தொடையில், ஒருத்திக்கு முதுகில். இவருக்கு மூச்சு விடுகிற இடத்தில். புகை அண்டக்கூடாது என்று டாக்குத்தர் சொன்னார். புகை அண்டாத இடம் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

கிளிநொச்சியில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குப் போவோம். பஸ்ஸுக்குள் புகைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கும். கண்டக்டர் மிதிபலகையில் நின்று பற்றவைப்பார். புகையை வெளியே விடுகிறாராம். ஓடுகிற பஸ்ஸில் வெளியே விட்ட புகை அடுத்த யன்னலால் உள்ளே வரும். அதற்குப் பக்கத்தில்தான் இவர் இருப்பார், காற்று வேண்டும் என்று. ஒருநாள் நான் எழும்பிப் போய், தம்பி, இவருக்கு நெஞ்சு வருத்தம், அதை அணையுங்கோ என்று கேட்டேன்.

"அப்ப கார் பிடிச்சுப் போங்கோவன் அக்கா" என்றான்.

பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிக்காத ஒருவன் போனில் இருந்தான். தன் தங்கையின் கலியாணப் பேச்சு குழம்பின கதையைப் பரந்தனில் தொடங்கி, ஆனையிறவு தாண்டியும் சொல்லிக்கொண்டு வந்தான். மறுமுனையில் இருந்தவன் ஸ்பீக்கரில் கத்தினான். மாப்பிள்ளை வீட்டாரின் குறை எல்லாம் எங்களுக்குப் பாடமாகிவிட்டது. பின் சீற்றில் குடிவெறிகாரன் ஒருவன் நடுநடுவே தீர்ப்புச் சொன்னான். ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும்போதுதான் இவர் கொஞ்சம் ஆழமாக மூச்சு எடுப்பார். அன்று அந்தக் காற்றும் கண்டக்டரின் சிகரெட்டோடுதான் வந்தது. நான் மறுபடி எழும்ப, இவர் என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"விடுமப்பா. ஆக்களோட கொழுவாதையும்."

இதுதான் அவருடைய குணம். தன் மூச்சுக்காகக்கூட ஒருவரிடமும் வாய் திறக்க மாட்டார். வெட்கமாம். இவர் முகத்தில் புகை விட மற்றவன் வெட்கப்படவில்லை, இவர் இருமுவதற்கு வெட்கப்படுவார்.

வீட்டில் மாமா, இவருடைய தகப்பன். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காடு வெட்டினவர். காடு வெட்டுகிற காலத்தில் நுளம்பு கடிக்காமல் இருக்கப் பிடித்த சுருட்டு, நுளம்பு குறைந்த பிறகும் வாயை விட்டுப் போகவில்லை. விறாந்தையில் இருந்து பிடிப்பார், புகை அறைக்குள் வரும். மாமா, மகனுக்குக் கூடாது என்று நான் ஒவ்வொரு நாளும் சொன்னேன்.

"பிள்ளை, என்ர மகன் ஷெல்லுக்கே சாகேல்லை. சுருட்டுக்கோ சாகப்போறான்?"

கடைசியில் அவருடைய சாய்மனைக் கதிரையைத் தூக்கி மாமரத்துக்குக் கீழே போட்டேன். மருமகள் கிழவனை வெளியே தள்ளிவிட்டாள் என்று சொந்தம் முழுக்கப் பேசியது. பேசட்டும் என்று விட்டேன். இவருக்கு இருமல் குறைந்தது. எனக்கு அது போதும்.

மாமா மாரி மழைக்குள் செத்தார். பாரிசவாதம் அடித்து, ஒரு பக்கம் இழுத்து, ஒரு கிழமை படுக்கையில் கிடந்து போனார்.

எங்கள் ஊர்ச் செத்த வீட்டில் பந்தல் வாசலில் ஒரு தட்டம் வைப்பார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு சுருட்டும் பீடியும். வருகிற ஆண்கள் துக்கம் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு கதிரையில் இருப்பார்கள். நான் அந்தத் தட்டத்தில் இருந்த சுருட்டையும் பீடியையும் எடுத்துக் குசினிக்குள் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இவருடைய சித்தப்பாவின் மகன் உள்ளே வந்து அதைத் திருப்பி எடுத்தான். செத்த வீட்டு அலுவல் எல்லாம் அவன்தான் பார்த்தான்.

"மச்சாள், சுருட்டுக்காரன்ர செத்த வீடு. சுருட்டு இல்லாட்டில் பெரியப்பா பெட்டியை விட்டு எழும்பி வந்திடுவார்."

அவன் சட்டைப் பையில் இருந்த போனில் இருந்து இன்னொரு குரல், தட்டம் வைக்காவிட்டால் ஊர் சிரிக்கும் என்றது. அது இவருடைய தம்பி. லண்டனில் இருக்கிறான். விசா அலுவல் முடியாததால் வரமுடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் போனில் காட்டவேண்டும் என்று சொல்லியிருந்தான். அவன் அலுவலாக எழும்பாத நேரம் எல்லாம் அந்தப் போன் பெட்டியின் தலைமாட்டில் ஒரு தடியில் கட்டியிருந்தது. யார் வந்து அழுதாலும் முதலில் போனைப் பார்த்து அழுதார்கள். நான் ஒருத்தி அதற்கு முதுகைக் காட்டி இருந்தேன்.

பந்தலின் ஒரு பக்கத்தில் பீடி. வளவின் பின்பக்கம் தறப்பாளுக்குப் பின்னால் கசிப்புச் சாராயம். நடுவில் பெட்டிக்குப் பக்கத்தில் என் கணவர். மூத்த மகன், கொள்ளி வைக்கிறவர், எழும்பி வேறு பக்கம் போக முடியாது. இருமல் வந்தபோது துவாயால் வாயைப் பொத்தினார். சனம் அதை அழுகை என்று எடுத்தது.

கொள்ளி வைக்கிறவர் சட்டை போடுவதில்லை. முழுகி, ஈர வேட்டியோடு போகவேண்டும். இவர் மூச்சு முட்டும்போது வாய்க்குள் அடிக்கிற மருந்துப் பம்ப் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அன்று சட்டை ஆணியில் தொங்கியது. இடுப்பில் செருகிப் பார்த்தேன், ஈர வேட்டியில் நிற்கவில்லை. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசல் படலையோடு நின்றுவிடவேண்டும். அதனால் நான் வைத்துக்கொண்டும் பயன் இல்லை. சுடலையில் இவருக்குப் பக்கத்தில் கடைசி வரை நிற்கப்போகிறவன் போன் பிடிக்கிற அந்தச் சித்தப்பா மகன்தான். அவனிடம் கொடுத்தேன். கேட்டால் கொடு, கேட்க ஏலாமல் போனால் கையை உயர்த்தி விரலை மடக்கி விரிப்பார், அதுதான் அடையாளம் என்று இரண்டு தரம் சொன்னேன்.

"ஓம் மச்சாள், ஓம்" என்றான். கண் போனில் இருந்தது.

பெட்டி போன பிறகு நாங்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினோம். மழை பிடித்துக்கொண்டது. இவருடைய தங்கை வவுனியாவில் இருந்து வந்திருந்தாள். லண்டனுக்குப் போகிற அதே வீடியோ அழைப்பில் அவள் தன் போனிலும் சேர்ந்துகொண்டாள். பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றார்கள். நானும் வாளியோடு போய் எட்டிப் பார்த்தேன்.

மழைக்கு எல்லாரும் சுடலை மடத்துக்குள் நெருக்கி நின்றார்கள். ஒரு வாசல், மூன்று சுவர். அதற்குள் அத்தனை ஆண்கள், அத்தனை பீடி. போன் திரையிலேயே புகை தெரிந்தது. சித்தப்பா மகன் போனை ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டு போனான். ஒருவர் கை அசைத்தார், ஒருவர் லண்டனில் குளிரா என்று கேட்டார், ஒருவர் போத்தலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறைத்தார். பிறகு மூலையில் இவர் வந்தார். சுவரில் சாய்ந்து நின்றார். வாய் திறந்திருந்தது. வலது கையை உயர்த்தி விரல்களை மடக்கி விரித்தார். மடக்கி விரித்தார்.

"ஐயோ, அண்ணா எங்களுக்குக் கை காட்டுறார்" என்று தங்கை அழுதாள்.

லண்டன் குரலும் அழுதது. "அண்ணா, அழாதேங்கோ. நான் இஞ்ச இருக்கிறன்."

போன் அவர் முகத்துக்குக் கிட்டப் போனது. இன்னும் கிட்டப் போனது. பம்ப் வரவில்லை.

மருந்தைக் குடு, மருந்தைக் குடு என்று நான் அந்தப் போனுக்குள் கத்தினேன். சுடலையில் சித்தப்பா மகன் தன் போனின் சத்தத்தை நிற்பாட்டி வைத்திருந்தான். நான் கத்தினது லண்டனுக்கு மட்டும் கேட்டது.

"மச்சாள், கத்தாதேங்கோ. ஐயர் சொல்லுறது கேக்கேல்லை" என்றது லண்டன் குரல்.

என் போனை எடுத்துச் சித்தப்பா மகனுக்கு அடித்தேன். வெட்டினான். திரும்ப அடித்தேன், திரும்ப வெட்டினான். என் அழைப்பு வந்தால் லண்டனுக்குப் படம் நின்றுவிடும், அதற்காக வெட்டினானாம். இது பிறகு அவனே சொன்னது.

சைக்கிளை எடுத்தேன். படலையில் இவருடைய மாமி முறையான ஒரு மனுசி கையை விரித்து மறித்தார்.

"பிள்ளை, பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை. விளங்காமப் போகும்."

"விலகுங்கோ மாமி."

விலகவில்லை. சைக்கிளின் முன் சில்லால் இடித்துக்கொண்டுதான் போனேன். வாய்க்கால் கட்டு முழுக்கச் சேறு. பாதிவழியில் சில்லு புதைந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். தலைமயிர் அவிழ்ந்து, கால் முழங்கால் வரை சேறு. மடத்து வாசலுக்கு நான் வந்ததும் பறை அடித்தவர்களே அடிப்பை நிறுத்தினார்கள்.

இவர் சுவரோடு கீழே இருந்தார். உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. சித்தப்பா மகன் குனிந்து நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய சட்டைப் பைக்குள் கையை விட்டேன். பீடிக்கட்டு வந்தது, லைற்றர் வந்தது, அதற்குக் கீழே பம்ப் இருந்தது. மற்றதை எல்லாம் வெளியே சேற்றில் எறிந்தேன். இவருடைய தலையைப் பிடித்து மருந்தை அடித்தேன். விட்டு விட்டு அடித்தேன். நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக அசையத் தொடங்கியது. நான் நிமிர்ந்தபோதும் போன் என் முகத்துக்கு நேரே இருந்தது.

எல்லாரும் வெளியே போங்கோ என்றேன். மழை பெய்கிறது என்று ஒருவர் சொன்னார். நனையுங்கோ என்றேன். போனார்கள். முணுமுணுத்துக்கொண்டு போனார்கள், சிலர் நேரே வீட்டுக்கே போனார்கள். பெண் கால் வைத்த சுடலையில் இனி நிற்கமாட்டோம் என்று என் காதில் விழத்தான் சொன்னார்கள்.

மழை விட்டது. ஐயர் நல்லவர். இவருக்கு ஏலாவிட்டால் சித்தப்பா மகன் கொள்ளி வைக்கலாம், குற்றம் இல்லை என்றார். நான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். இவர் தலையை ஆட்டினார்.

"ஒருக்கா" என்றார். மூச்சு எடுத்தார். "அப்பாவுக்கு... ஒருக்கா."

கொள்ளிக்குடத்தைத் தோளில் தூக்கிச் சுற்ற அவரால் முடியவில்லை. வேறொருவர் குடத்தைப் பிடிக்க, இவர் அதில் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தார். மற்றப் பக்கம் நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்படி ஒரு சுற்றை அந்தச் சுடலை கண்டிராது. கொள்ளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். ஈர விறகு. புகை எங்கள் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். ஓட்டினவனுக்கும் கசிப்பு மணம். வேறு ஆட்டோ இல்லை. வாட்டில் ஒட்சிசன் பிடித்தார்கள். காய்ச்சல் வந்து, சளி கட்டி, நல்ல பக்கமும் பழுதாகிவிட்டது. அங்கே இருந்த டாக்குத்தர் பிள்ளை சின்னப் பெண். போன மூச்சு திரும்பி வராது அம்மா, இருக்கிறதைக் காப்பாற்றுவோம் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

வாட்டில் இருக்கும்போது லண்டன் தம்பி எனக்குப் போன் எடுத்தான். அண்ணன் எப்படி என்று கேட்டான். நான் சொல்லி முடிக்க விடாமல் அடுத்த கதைக்கு வந்தான்.

"மச்சாள், வீடியோவில நீங்கள் நிக்கிறியள். இஞ்ச எல்லாரும் பாத்திட்டினம். நான் அவைக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"உன்ர அண்ணன் மூச்சில்லாமல் கை காட்டினதையும்தானே பாத்தவை. அதுக்கு என்ன சொன்னவை?"

லைன் சரியில்லை என்றான்.

இவர் வீட்டுக்கு வந்த பிறகு சித்தப்பா மகன் பார்க்க வந்தான். படலையில் நின்று பீடியை இழுத்து முடித்து, காலால் மிதித்து அணைத்துவிட்டு, அந்த மணத்தோடு உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தான். அண்ணா அழுகிறார் என்றுதான் நினைத்தேன் மச்சாள், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன் என்றான். அவன் பொய் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும்.

"அழுதாலும் போனைக் கீழ வைச்சிட்டுப் பிடிச்சிருக்கலாம்தானே தம்பி" என்றேன்.

அதற்குள் அவனுடைய போன் அடித்தது, எழும்பி வெளியே போனான். இவர் என்னைப் பார்த்து, விடும் என்பது போலக் கையை அசைத்தார்.

இந்தப் போகம் எங்கள் வயலை வேறு ஆட்கள் விதைத்திருக்கிறார்கள். இவர் கட்டிலில் இருந்து கிணற்றடிக்குப் போய்வருவார், அவ்வளவுதான். சனம் பார்க்க வருகிறது. படலையில் வைத்தே பீடியையும் போனையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாக்கு நீண்டவள் என்று எனக்குப் பெயர். பீடியை அணைத்துவிட்டு வருகிறார்கள், போனை மட்டும் ஒருவரும் நிற்பாட்டுவதில்லை, அவசர அழைப்பு வருமாம். ஒரு வசனம் சொல்லி முடிக்க இவர் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு எடுக்கவேண்டும். எடுக்கிற நேரத்தில் யாருடைய போனாவது அடிக்கும். வந்தவர் ஹலோ என்று எழும்புவார். இவர் வாயை மூடிக்கொள்வார். அவர் கதைத்து முடித்துத் திரும்பி வந்து என்ன அண்ணை சொன்னனீங்கள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டுவார். அந்த வசனத்தை மறுபடி தொடங்க அவரிடம் மூச்சு இல்லை.